படுக்கையறையின் காயாத பாதி

ஆட்ரி டார்டாஃப் ஹாலிஃபாக்ஸ் ஊர்ப் பேருந்துகளில் இருபத்தொன்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். வண்டியில் ஏறினால் முதலில் டிக்கெட்டைப் பார்க்க மாட்டாள், ஆட்களின் கைகளைத்தான் பார்ப்பாள். டிக்கெட் வாங்கியவர் கை சும்மா கிடக்கும். வாங்காதவர் கைக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். பையைத் துழாவும், பொத்தானைத் திருகும், இல்லாத தூசியைத் தட்டும். ஒருமுறை பாதிரியார் ஒருவரையே பிடித்திருக்கிறாள். முந்தின நாள் டிக்கெட்டை நான்காக மடித்து நீட்டி, "தேதி தப்பா அச்சாயிருக்கும்மா" என்றார். "உங்களுக்கு முன்னாடி ஏறின பதினாலு பேருக்கும் சரியா அச்சாயிருக்கே, ரெவரெண்ட்?" என்று கேட்டு அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள்.

கல்யாணம் நடக்கவில்லை. ஒருவர் வந்தார், இரண்டு வருடம் பழகினார். ஒரு சனிக்கிழமை, பிரிக்ஹவுஸிலிருந்து ஐந்து நாற்பது வண்டியில் வந்ததாகச் சொன்னார். சனிக்கிழமைகளில் ஐந்து நாற்பது வண்டியே கிடையாது. அதோடு முடிந்தது.

எழுபத்தொன்றாம் வயதில் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்க மறுத்தது. மேட்டுத் தெருவில் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு, எல்லண்ட் பக்கம் புதிதாகக் கட்டிய பதினோரு தனிவீடுகளில் ஒன்றுக்கு ஆகஸ்டில் குடிவந்தாள். மாடி இல்லை. சுவரில் வெப்பமூட்டும் கருவியும் இல்லை. வெந்நீர்க் குழாய்கள் தரைக்குள், சிமென்ட்டுக்கு அடியில் ஓடுவதாகச் சொன்னார்கள். கட்டியவர்கள் கொடுத்த கோப்பில் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஒரு நீலக் கோடு பாம்புபோல வளைந்து வளைந்து போயிற்று. ஆட்ரி அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கோடு இருந்தது. கோடு இருப்பதால் குழாய் இருக்கிறது என்று ஆகிவிடுமா? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் ஓடு பதித்துக் கொடுத்திருந்தார்கள். முன்னறையும் படுக்கையறையும் வெறும் சாம்பல் சிமென்ட். நடந்தால் பேருந்து நிலையக் கழிப்பறையில் நடப்பதுபோல் எதிரொலித்தது. பிறந்ததிலிருந்து காலுக்குக் கீழே கம்பளம் இருந்தே பழகியவள் அவள். குளிர் வருவதற்குள் இரண்டு அறைக்கும் கம்பளம் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பக்கத்து வீட்டு சிரில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுச் சிரித்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஊர் விஷயமெல்லாம் தெரிந்தவர் என்ற நினைப்பு.

"கார்ப்பெட்டா? இந்தத் தரை மேலயா? அடுப்பை மூட்டி அது மேல போர்வையைப் போர்த்தற மாதிரி இருக்கு! சூடு எப்படிங்க மேல வரும்? எங்க வீட்டைப் பாருங்க, மரத்தரை. நீங்களும் மரமே போட்டுக்கோங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்."

"யாரு அந்தத் தெரிஞ்ச ஆள்?"

"இருக்கார், ஒருத்தர்" என்று சிரில் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்தக் கை ஆட்ரியின் கண்ணில் பட்டது. அடுத்த சனிக்கிழமை சிரில் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. பக்கவாட்டில் 'மரத்தரை வல்லுநர்கள்' என்று எழுதியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவருக்கு அச்சு அசலாக சிரில் மனைவியின் மூக்கு. மச்சான்! ஆட்ரி ஜன்னல் திரையை மூடிவிட்டுக் கம்பளக் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் பெயர் லம்ப். சிவந்த கன்னம், சிரித்த முகம். "வாங்க செல்லம்!" என்று வரவேற்றார். தொட்டில் குழந்தையிலிருந்து பல்செட்டுக்காரி வரை எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்தான். ஆனாலும் விற்க வருகிறவர் வாயிலிருந்து வந்தால் ஆட்ரிக்குப் பிடிக்காது.

"இதுல காலை வைங்க செல்லம். ஷூவைக் கழட்டிட்டு வைங்க. எப்படி இருக்கு? மேகத்துல நடக்கற மாதிரி இல்ல?"

கணுக்கால் வரை புதைந்தது. சுகமாகத்தான் இருந்தது. அதனாலேயே ஆட்ரி காலை உடனே எடுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல தரைக்குள்ள சூடு வருது. இது சூட்டை எவ்வளவு மறிக்கும்?"

"எல்லாம் அளவுக்குள்ளதான். ரெண்டரை டாக் வரைக்கும் போகலாம். இது ஒண்ணு புள்ளி ஒன்பது."

டாக் என்பது சூட்டை மறிக்கும் அளவு. குளிர்காலப் போர்வை வாங்கிய யாருக்கும் தெரிந்த கணக்கு. எண் கூடக்கூட, கீழே இருக்கும் சூடு கீழேயே கிடக்கும்.

"அதுக்கு அடியில போடற விரிப்பு?"

"அது தனி."

"தனியா எங்க போடுவீங்க, தோட்டத்துலயா? ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணுதானே கிடக்கப்போகுது? அதோட டாக் எவ்வளவு?"

லம்ப் அட்டவணையைத் தேடினார், மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கடைசியில், "ஒண்ணு புள்ளி மூணு" என்றார்.

"கூட்டுங்க."

"மூணு புள்ளி ரெண்டு. ஆனா யாரும் அப்படிக் கூட்டிப் பார்க்கறதில்ல செல்லம்."

"நான் பார்ப்பேன்."

நான்கு தடவை போனாள். மூன்றாம் தடவையிலேயே லம்ப் 'செல்லம்' சொல்வதை விட்டுவிட்டார். கம்பளத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். உயரமான முடி அழகுக்கு, குட்டையாக நெருக்கிப் பின்னியதுதான் சூட்டுத் தரைக்கு. பஞ்சு மாதிரி அமுங்கும் அடிவிரிப்பு வேண்டாம், துளைகள் உள்ள மெல்லிய ரப்பர் விரிப்பே போதும். கடைசியில் மழையில் நனைந்த பாறையின் நிறத்தில் ஒரு கம்பளி கலந்த ரகத்தைத் தேர்ந்தாள். அது ஒன்று புள்ளி ஒன்று, அடிவிரிப்பு பூஜ்யம் புள்ளி ஏழு. மொத்தம் ஒன்று புள்ளி எட்டு. அவளுக்குத் திருப்தி.

ஆனால் கடையில் பார்த்ததுதான் வீட்டுக்கு வரும் என்று என்ன நிச்சயம்? கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கம்பளச் சுருளின் முதுகிலும் அடிவிரிப்புச் சுருள்கள் இரண்டிலும் முழத்துக்கு ஒன்றாகத் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதினாள். லம்ப் சுருளை உருட்டிக் கொடுத்தார்.

கம்பளம் போட வந்தவர் நெவில் மிட்ஜ்லி. அறுபது வயது, ஒல்லி. கம்பளத்தை முழங்காலால் இடித்து இடித்து இழுப்பதே வேலையாக இருந்ததால் இடது முழங்கால் வலதைவிடப் பெருத்திருந்தது. கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"சூட்டை எப்போ நிறுத்தினீங்க? சூடான தரையில பசை பிடிக்காது."

"இன்னும் போடவே இல்ல. குளிர்காலம் இனிமேதானே?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துத் தரையில் வைத்தார்.

ஆட்ரிக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவளுடைய டிக்கெட்டைச் சரிபார்க்கிறார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு என்னவோ மரியாதை வந்தது. வரைபடத்தை நீட்டினாள். நெவில் அதைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அழகா வரைஞ்சிருக்காங்க. இதை நம்பி நான் ஆணி அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"சோவர்பி பிரிட்ஜ் ஊர்ல ஒரு வீடு. பத்தொன்பது வருஷம் ஆச்சு. இதே மாதிரி படம் காட்டினாங்க. வாசல்படி கிட்ட குழாய் கிடையாதுன்னு போட்டிருந்தது. ஒரே ஒரு ஆணிதான் மேடம் அடிச்சேன். மறுநாள் அந்த வீட்ல பொண்ணோட கல்யாண விருந்து. புதுக் கார்ப்பெட் நடுவுல தண்ணி ஊத்து மாதிரி கொப்பளிக்குது. அன்னிலேருந்து எந்தத் தரையையும் நான் நம்பறதில்ல."

அன்று சூட்டைப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் வாளியுமாக வந்தார். தாள்களை நனைத்துத் தரை முழுக்க ஒட்டினார். அரை மணி நேரத்தில் தாள்கள் காயத் தொடங்கின. காய்ந்த இடம் வெளுத்து, குழாய் ஓடும் வழி கோடு கோடாகத் தெரிந்தது. முன்னறை முழுக்க வரி விழுந்தது. நெவில் அதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டார். ஆட்ரி முக்காலியில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தாள்.

படுக்கையறையில் தாள் ஒட்டியபோது வாசல்மணி அடித்தது. சிரில். "என்ன, வீட்டுக்குள்ள பேப்பர் கடை போட்டிருக்கீங்க?" என்று ஆரம்பித்தவரை அனுப்பிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தால் நெவில் எல்லாத் தாளையும் சுருட்டிக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சிடுச்சா?"

"ம்."

"எல்லாமா?"

"எனக்கு வேண்டியது தெரிஞ்சிடுச்சு மேடம்" என்றவர், ஏற்கெனவே முடிச்சுப் போட்ட பையை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டார்.

அந்தக் கைக்கு ஏன் வேலை வந்தது? சூட்டை நிறுத்தி மூன்று நாள் தரையை ஆறவிடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த மூன்று நாளும் அவள் நினைப்பெல்லாம் அந்தப் பை முடிச்சில்தான் இருந்தது.

வேலை நாளில் முக்காலியைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து அறைவாசலில் போட்டு உட்கார்ந்தாள். கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் ஆணிப்பட்டைகளை நெவில் தரையில் அடிக்கவில்லை, பசை வைத்து ஒட்டினார். அடிவிரிப்பை அளந்து வெட்டினார்.

"நீங்க பஸ்ல டிக்கெட் பார்த்தவங்க, பாக்கறது எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா கத்தி கையில இருக்கறப்போ உங்க மூச்சு என் கழுத்துல படக்கூடாது."

"நான் ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கேன்."

"அப்போ மூச்சு நீளமா விடறீங்க."

முன்னறை முடிந்தது. படுக்கையறையில் கதவு இடித்தது. கம்பளத்தின் கனத்துக்குக் கதவின் அடியைச் சீவ வேண்டும் என்று கழற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். "ஒரு முனையைப் பிடிச்சுக்கறீங்களா மேடம்?" என்றார். பிடித்தாள். சீவி முடித்ததும், "தூசி உங்க மேலெல்லாம். உதறிட்டு வாங்க" என்று முன்னால் போனார். அவள் உதறி, முகம் கழுவி வருவதற்குள் படுக்கையறையில் அடிவிரிப்பு கம்பளத்துக்கு அடியில் மறைந்திருந்தது. எந்த விரிப்பைப் போட்டார் என்று அவள் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே சூட்டை நாளுக்கு ஒரு பாகையாக ஏற்றினாள். முன்னறை பூனை வயிறு மாதிரி இதமாக இருந்தது. படுக்கையறையில் கதவுப் பக்கம் அப்படித்தான். ஜன்னல் பக்கம், கட்டில் கிடக்கும் பாதி, கல்லாகக் குளிர்ந்தது. ஒரு வாரம் பார்த்தாள். மாறவில்லை.

சிரிலுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ. "நான் சொன்னேன்ல?" என்றார் வேலிக்கு மேல்.

ஆட்ரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கதவைச் சீவிய நேரம், தூசி உதறிய நேரம், பை முடிச்சு. மெல்லிய விரிப்பை இங்கே பாதிக்குப் போட்டுவிட்டு, மீதியை வேறு வீட்டுக்கு எடுத்துப்போய், ஏதோ தடித்த மலிவுச் சரக்கைக் கட்டில் பக்கம் திணித்திருக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்? கடைக்கு ஃபோன் போட்டாள். "போடறது அவர் பொறுப்பு மேடம், விக்கறது மட்டும்தான் நாங்க" என்றார் லம்ப்.

மறுநாள் காலை குறடும் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஜன்னல் மூலையில் மண்டியிட்டாள். முழங்கால் கத்தியது. கம்பள ஓரத்தை நெம்பி இழுத்தபோது ஆணிப்பட்டையின் முட்கள் இரண்டு விரலைக் குத்தின. ரத்தத்தை வாயில் உறிஞ்சிக்கொண்டே உள்ளே பார்த்தாள். துளைகள் உள்ள மெல்லிய ரப்பர். அதன் மேல் நீல மையில், அவளுடைய கையெழுத்தில், அவளுடைய இரண்டு எழுத்துகள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நல்ல மனிதரை எட்டு நாளாக மனதுக்குள் திருடனாக்கி வைத்திருந்தாள். முகம் சுட்டது. ஆனால் தேநீர் போட்டுக் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு கேள்வி எழுந்தது. விரிப்பு சரி. அப்படியானால் தாளை ஏன் அவசரமாகச் சுருட்டினார்?

ஆட்ரி ஃபோன் செய்ததும் நெவில் அன்று மத்தியானமே வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் கண் நேராக ஜன்னல் மூலைக்குப் போயிற்று. தூக்கிய ஓரத்தை அவள் எவ்வளவோ அமுக்கி வைத்திருந்தும் தெரிந்தது.

"யாரோ இங்க டிக்கெட் பரிசோதனை பண்ணியிருக்காங்க."

"நான்தான்."

"என்ன இருக்கும்னு நினைச்சீங்க?"

"வேற விரிப்பு. நீங்க மாத்திட்டீங்கன்னு நினைச்சேன். மாத்தல. தப்பா நினைச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க." சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்போ நீங்க சொல்லுங்க. அன்னிக்கு இந்த ரூம்ல பேப்பர் பூரா காஞ்சுதா?" என்றாள்.

நெவில் தொப்பியைக் கழற்றினார். வெளியே பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"இல்ல."

"எந்தப் பக்கம் காயல?"

"நீங்க தூங்கற பக்கம். அரை மணி நேரத்துக்கு மேல பாத்தேன். சொட்டச் சொட்ட அப்படியே இருந்தது. இந்தப் பாதியில குழாயே இல்ல மேடம். படத்துல வரைஞ்சிருக்கான், தரையில போடல."

"தெரிஞ்சுமா மேல கார்ப்பெட்டைப் போட்டு மூடினீங்க?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? இவன் ஏதோ குழாயை உடைச்சுட்டுக் கட்டினவன் மேல பழி போடறான்னுதான் நினைச்சிருப்பீங்க."

"நினைச்சிருப்பேன். அது என் பாடு. நிஜக் காரணத்தைச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த வீட்டைக் கட்டின கம்பெனி ஆளுங்க எனக்கு வேலை குடுக்கறாங்க. மேல் பக்கம் இன்னும் முப்பது வீடு கட்டறாங்க. அத்தனைக்கும் கார்ப்பெட் நான்தான்னு பேச்சு. வாயைத் திறந்தா அது போச்சு."

ஆட்ரிக்கு அழுகை வரும்போல இருந்தது, கோபத்தில். "ஆளை சரியாத்தான் பிடிச்சிருக்கேன், குத்தத்தைத்தான் மாத்திப் பிடிச்சிட்டேன்" என்றாள். "அந்தக் கம்பெனி ஆளை நான் வியாழக்கிழமை வரச் சொல்றேன். நீங்களும் வரணும்."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வருவார் என்று அவள் நம்பவில்லை.

வியாழக்கிழமை கட்டுமான மேலாளர் ஹோல்ராய்ட் பளபளவென்ற ஷூவோடு வந்தார். படுக்கையறையை வாசலில் நின்றே பார்த்தார்.

"இதுல ஆச்சரியமே இல்ல, மிஸ் டார்டாஃப். கார்ப்பெட் போட்டீங்க, சூடு வரல. குழாய் எல்லா இடத்துலயும் இருக்கு. படத்துல பாருங்க. போட்டவர் ஏதாவது தப்பு பண்ணியிருப்பார்."

"போட்டவர் வந்திருக்கார்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. வாளியும் செய்தித்தாளுமாக நெவில். சொல்லிவிட்டு, ஹோல்ராய்டின் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்று பேருமாக அதை முன்னறைக்கு நகர்த்தினார்கள். பிறகு நெவில் மண்டியிட்டு, தான் போட்ட கம்பளத்தைத் தானே ஓரத்திலிருந்து தூக்கிச் சுருட்டினார். விரிப்பையும் சுருட்டினார். தாள்களை நனைத்து அறை முழுக்க ஒட்டினார். ஆட்ரி சூட்டை முழுவதாகத் திருகினாள்.

பிறகு காத்திருந்தார்கள். ஆட்ரி அறைவாசலில் முக்காலியில், ஹோல்ராய்ட் பக்கத்தில் ஒரு நாற்காலியில், நெவில் கதவு நிலையில் சாய்ந்து. யாரும் யாரையும் அறையில் தனியாக விடத் தயாராக இல்லை. தேநீர் போட ஆட்ரி எழுந்தபோதுகூட, "நீங்க ரெண்டு பேரும் சமையலறைக்கு வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய், அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள். கோப்பையோடு திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். கதவுப் பக்கம் முதல் வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு இரண்டாவது. வரி வரியாகப் பாதி அறை வெளுத்தது.

ஜன்னல் பக்கம் ஈரமாகவே கிடந்தது.

"அந்தப் பக்கம் தண்ணி அதிகமா ஊத்திட்டாரு" என்றார் ஹோல்ராய்ட்.

"அப்போ நீங்களே ஒட்டுங்க" என்று நெவில் வாளியை அவர் காலடியில் வைத்தார்.

ஹோல்ராய்ட் கோட்டைக் கழற்றினார். பளபளத்த ஷூவோடு முட்டி போட்டு, பிழிந்த தாள்களைத் தன் கையாலேயே ஒட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு கோடுகூட விழவில்லை. அவர் எழுந்து, கை துடைத்துக்கொண்டு, "குழாய் போட்டது வெளியிலேர்ந்து வந்த ஆளுங்க" என்றார். மன்னிப்பு அதற்கு மேல் வரவில்லை. போகும்போது நெவிலிடம், "உங்களை நினைவு வெச்சுக்கறேன்" என்றார். அது நல்ல வார்த்தை இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

கம்பெனி ஆட்கள் வந்து பாதித் தரையை உடைத்தார்கள். ஆட்ரி முன்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். புதுக்குழாய் வளைவுகளைச் சிமென்ட் மூடுவதற்கு முன் ஒவ்வொன்றாக எண்ணினாள், அளந்தாள், படம் பிடித்தாள். மூன்றாவது வாரம் சிமென்ட் காய்ந்துவிட்டது என்று வேலையாட்கள் சொன்னார்கள். நெவில் தன் ஈரமானியைத் தரையில் குத்தி, "இல்ல" என்றார். ஆட்ரி குனிந்து முள்ளைத் தானே பார்த்தாள். இல்லைதான். கம்பளம் மறுபடி விழ இன்னும் ஐந்து வாரம் பிடித்தது.

மேல் பக்கத்து முப்பது வீட்டு வேலையும் நெவிலுக்குக் கிடைக்கவில்லை. கம்பளத்தின் கடைசி ஓரத்தைச் சுவரிடுக்கில் செருகும்போது அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

"என்னால போச்சுன்னு நினைக்கறீங்களா?" என்று கேட்டாள் ஆட்ரி.

"முதல் நாளே சொல்லியிருந்தாலும் போயிருக்கும். ஆனா அப்போ நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்."

"உங்களை நான் பூரா மன்னிச்சிடல மிஸ்டர் மிட்ஜ்லி. ஒரு வாரம் குளிர்ல படுத்தேன்."

"தெரியும்" என்று சொல்லித் தேநீரை வாங்கிக்கொண்டார். இருவரும் புதுக் கம்பளத்தின் மேல் நிற்காமல், வாசலில் நின்று குடித்தார்கள்.

அந்த வாரமே சிரில் வேலியோரம் வந்தார். குரலில் பழைய சுருதி இல்லை. அவருடைய படுக்கையறையிலும் ஒரு பக்கம் சில்லென்று இருக்கிறதாம். வயசானதால் கால் மரத்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். மச்சானைக் கேட்டால் பதிலே இல்லையாம்.

"அந்தக் கார்ப்பெட்காரர் எப்படிங்க? கூப்பிடலாமா?"

ஆட்ரி யோசித்துப் பதில் சொன்னாள். "கை சுத்தம். வேலை சுத்தம். தரையை அவரை மாதிரி சோதிக்கறவங்களை நான் பார்த்ததில்ல. ஆனா பேச்சை நிறுத்தினார்னா விடாதீங்க, ரெண்டாவது தடவை கேளுங்க." உள்ளே போய் நெவிலின் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுவந்து வேலிக்கு மேல் நீட்டினாள்.